வேடந்தாங்கல் எச்சத்தில் இருப்பது யாருடைய கிருமி?

வேடந்தாங்கல் ஏரிக்குக் கீழே பாசனம் பெறும் கழனிக்கு உரமூட்டை அதிகம் வேண்டாம் என்பது மதுராந்தகம் வட்டாரத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கணக்கு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும். நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு கட்டும். அவற்றின் எச்சம் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக வயலுக்குப் போகும். அந்த எருவின் அருமை தெரிந்துதான் ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுட்டுத் தள்ளிய வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் எழுத்து மூலம் கவுல் என்ற உறுதிச்சீட்டு வாங்கினார்கள். பறவைக்கும் உழவனுக்கும் நடுவே இருந்த கொடுக்கல் வாங்கல் அரசாங்கத் தாளில் ஏறிய முதல் சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. 2022-இல் இந்த ஏரி உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

இன்று அதே எச்சத்தின் மீது வேறொரு சந்தேகம் விழுகிறது. ஒரு மாத்திரைகூட விழுங்காத காட்டுப் பறவைகளின் குடலில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளைத் திணறடிக்கும் அதே வகைக் கிருமிகள் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. சைபீரியா, அலாஸ்கா, கிரீன்லாந்து ஆகிய வடதுருவப் பகுதிகளின் பறவைகளிடமிருந்து பிரித்தெடுத்த 97 ஈ-கோலை பாக்டீரியாக்களில் 8, ஏதாவதொரு ஆன்டிபயாட்டிக்குக்காவது மசியாதவை என்று 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆஸ்திரேலியக் கடற்காகங்களில் 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையானது. மனித சிகிச்சைக்கு மிக முக்கியமான மருந்துகளை எதிர்க்கும் ஈ-கோலை, சோதித்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது.

இவற்றிலிருந்து பிறந்த வாசகம்தான், பறவை, கால்நடை, மனிதர் என மூன்று தரப்பும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன என்பது. 'ஒரே நலம்' என்ற முழக்கத்தின் கீழ் அது கருத்தரங்கு மேடைகளில் ஒலிக்கிறது. 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேரின் உயிரை மருந்தெதிர்ப்பு நேரடியாகப் பறித்தது என்ற மதிப்பீட்டை வைத்துப் பார்த்தால், இதை வெறும் மேடைப் பேச்சாக ஒதுக்க முடியாது. ஆனால் அந்த வாசகம் எவ்வளவு தூரம் உண்மை? வேடந்தாங்கலிலும் மாமல்லபுரக் கரையிலும் அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

முதலில் சான்றின் தரம். நாரையிடமும் மாட்டிடமும் மனிதரிடமும் ஒரே மருந்தை எதிர்க்கும் கிருமி கிடைத்தால் அது பகிர்வுக்கு மிக மெலிந்த சான்று. மூவரும் தனித்தனி வழியில் அதைப் பெற்றிருக்கலாம். மூவரிடமும் ஒரே எதிர்ப்பு மரபணு இருந்தால் சான்று கொஞ்சம் தடிக்கிறது. ஆனால் சி.டி.எக்ஸ்-எம்-15 போன்ற மரபணு உலகெங்கும் இறைந்து கிடப்பதால், ஒத்துப்போவதே இயல்பு. கிருமியின் முழு மரபுத் தொடரையும் படித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, சில எழுத்துகளே மாறியிருக்கின்றன என்று காட்டினால்தான் அண்மையில் கைமாறியது என்று சொல்லலாம். அப்போதும் யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது தெரியாது. இதில் இன்னொரு சிக்கல்: கிருமி இடம்பெயராமலே, பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையம் மட்டும் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஆள் ஊருக்குள் வரவே இல்லை, சாவி மட்டும் வந்து சேர்ந்துவிட்டது என்பது போல. ஆளைத் தேடும் சோதனையில் சாவி அகப்படாது. பறவைகளைப் பற்றி வரும் பரபரப்பான செய்திகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு தரத்துச் சான்றோடு நின்றுவிட்டு, மூன்றாம் தரத்துக்குரிய முடிவைச் சொல்கின்றன. என் முதல் குறை இதுதான்.

நியாயமாகத் தோன்றுவதைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதை உலகுக்குக் காட்டிய மாவட்டங்களில் வேடந்தாங்கல் இருக்கும் செங்கல்பட்டும் ஒன்று என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1968-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ, மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. பி.சி.ஜி. காசநோயைத் தடுக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது இங்கே தடுக்கவில்லை என்பதே பத்தாண்டு கழித்து வந்த முடிவு. மருத்துவ உலகம் அதிர்ந்தது. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, இந்தப் பகுதியின் மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் மக்களின் உடலை முன்பே பழக்கிவிட்டன என்பது. சுற்றுச்சூழலின் கிருமி மனிதருக்குள் புகுந்து ஒரு தடுப்பூசியின் கணக்கையே மாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் பேசப்பட்ட ஊரில், பறவைக் கிருமி பற்றிய கேள்வியை அலட்சியம் செய்யவும் முடியாது, ஆதாரமில்லாமல் ஏற்கவும் முடியாது.

ஆகவே கடுமையான சோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். கிழக்கு இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளிலிருந்தும் கடை இறைச்சியிலிருந்தும் எடுத்த 431 ஈ-கோலையின் மரபுத் தொடரை, நோயாளிகளின் இரத்தத்தில் கிடைத்த 1,517-உடன் ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அண்மைக் கைமாற்றத்துக்கான சான்று மிகக் குறைவு. மனிதக் கூட்டமும் விலங்குக் கூட்டமும் பெரும்பாலும் தனித்தனி வம்சங்கள். இத்தாலியின் பவியா நகரைச் சுற்றி மருத்துவமனை, பண்ணை, செல்லப்பிராணி, மண், நீர் என 6,548 மாதிரிகளில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவைத் தேடிய ஆய்வும் (2022) அதே பக்கம்தான் சாய்ந்தது. மனிதருக்குத் தொற்று பெரும்பாலும் மனிதரிடமிருந்தே வருகிறது. இவை ஐரோப்பா; அங்கே மாடு வீட்டுத் திண்ணையில் நிற்பதில்லை என்று சொல்லலாம். சரி, நைரோபிக்குப் போவோம். ஆடு, கோழி, மனிதர், எலி, பறவை எல்லாம் நெருக்கியடித்து வாழும் அந்த நகரின் 99 வீடுகளில் 1,338 ஈ-கோலைகளைப் படித்தார்கள். அங்கும் மனிதருக்கும் விலங்குக்கும் நடுவே அண்மையில் நடந்த பகிர்வு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பகிர்வு நடந்தது பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள்.

மிகத் தெளிவான எண்ணைத் தந்தது நெதர்லாந்து. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வாணிபம் செய்த டச்சுக்காரர்களுக்குக் கணக்கெழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை போலும். எதிர்ப்பு ஈ-கோலையைக் குடலில் சுமக்கும் சாதாரண மக்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று 2019-இல் மாதிரிக் கணிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். பொதுச் சமூகத்தில் மனிதரிடமிருந்து மனிதருக்கு 60.1 விழுக்காடு. உணவு 18.9. வளர்ப்பு நாய், பூனை 7.9. பண்ணை விலங்குகள் 3.6. நன்னீரில் நீந்துவதும் காட்டுப் பறவைகளும் சேர்த்தே 2.6. இந்த ஒற்றைப் பட்டியல் 'மூன்று தரப்பும் பகிர்கின்றன' என்ற வாசகத்தின் குறையைக் காட்டிவிடுகிறது. வாசகம் பொய்யில்லை, மூன்று தரப்பையும் ஒரே தட்டில் வைத்ததுதான் தவறு.

பறவை வலசை போகிறதே, கண்டம் விட்டுக் கண்டம் கிருமியைத் தூக்கிக்கொண்டு போகாதா என்ற கேள்வி அடுத்து வரும். போகும். ஆனால் அதைவிடத் திறமையான சுமைக்காரர் ஒருவர் இருக்கிறார். டச்சுப் பயணிகள் சுமார் 2,000 பேரைப் புறப்படுமுன்னும் திரும்பிய பின்னும் சோதித்த ஆய்வு 2017-இல் வந்தது. தெற்காசியா சென்று திரும்பியவர்களில் 75.1 விழுக்காட்டினர், போகும்போது இல்லாத எதிர்ப்புக் கிருமியைக் குடலில் சுமந்து வீடு சேர்ந்தார்கள். 2021-22-இல் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச்சின்னங்களில் வெளிநாட்டவர் மிக அதிகமாக வந்தது தாஜ்மகாலுக்கல்ல, மாமல்லபுரத்துக்கு. அர்ச்சுனன் தபசைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுபவர் எடுத்துச் செல்வது, வேடந்தாங்கலிலிருந்து கிளம்பும் எந்த வாத்தும் எடுத்துச் செல்வதைவிட அதிகம் என்றே இந்த எண்களை வைத்துக் கணிக்கத் தோன்றுகிறது.

இதோடு வழக்கை முடித்துவிட முடியாது. மேலே சொன்ன டச்சுக் கணக்கை அப்படியே கொண்டுவந்து நம் ஏரிக்கரையில் வைப்பது இன்னொரு சோம்பல். அங்கே கழிவுநீர் குழாய்க்குள் போய், சுத்திகரிக்கப்பட்டு வெளியேறுகிறது. இங்கே செங்கல்பட்டு நகரத்தின் சாக்கடையைப் பல ஆண்டுகள் வாங்கிக்கொண்டது கொளவாய் ஏரி. கழிவு கலக்கும் பக்கிங்காம் கால்வாய் முட்டுக்காட்டையும் கோவளத்தையும் தொட்டு, மாமல்லபுரத்தின் முதுகுப்புறமாக ஓடுகிறது. செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி நள்ளிரவில் ஏதாவதொரு நீர்வரத்துக் கால்வாயில் கொட்டிவிட்டுப் போவது புறநகரில் புதுச் செய்தியும் இல்லை. அதற்காகத் தமிழக அரசு 2014-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அந்த நீரில் நாரை இரை தேடும், எருமை படுத்துக் கிடக்கும், நாற்று நடும் பெண்கள் முழங்கால் அளவு நிற்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 'சுற்றுச்சூழல் வழி' 2.6 விழுக்காடு என்று நிற்க வாய்ப்பில்லை.

ஆனால் உயர்வது எதனுடைய பங்கு என்று கவனிக்க வேண்டும். பறவையின் பங்கு அல்ல, சாக்கடையின் பங்கு. 2010-இல் என்.டி.எம்-1 என்ற கொடிய எதிர்ப்பு மரபணு பற்றிய ஆய்வு லான்செட் இதழ்க் குடும்பத்தில் வந்தபோது, அதன் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 கிருமிகளில் அந்த மரபணு அகப்பட்டது. அவை நோயாளிகளிடமிருந்து எடுத்தவை. மறு ஆண்டே டெல்லியில் தெருத் தேங்கல் நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய்க் குடிநீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் அதே மரபணு கிடைத்தது. ஆஸ்பத்திரி, கழிவு, தெரு, குடம் என்று பாதை தெரிகிறது. இதில் பறவை எங்கேயாவது நுழைந்தால், தெருத் தண்ணீரைக் குடித்த பிறகுதான். பல நாடுகளின் தரவை ஒப்பிட்டு 2018-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு நாட்டில் மருந்தெதிர்ப்பு அதிகமாக இருப்பதற்கும் அந்நாட்டார் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் அளவுக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. மோசமான அடிப்படை வசதிகளோடும் மோசமான நிர்வாகத்தோடும்தான் தொடர்பு தெரிந்தது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் அசித்ரோமைசின் விற்பதை மட்டுமே திட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இது கசப்பான செய்தி.

கால்நடைப் பக்கம் வேறு கதை. பறவைக்கு இல்லாத ஒன்று கோழிக்கு உண்டு: தீவனத்தில் மருந்து. மருந்து இருக்கும் குடலில்தான் எதிர்ப்புக் கிருமி மற்றவற்றைத் தள்ளிவிட்டுப் பெருகும். கோலிஸ்டின் என்பது மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு மனிதருக்குப் போடும் ஊசி. அதைக் கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். கோலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் ஏறித் திரிவதைச் சீனாவில் 2015-இல் கண்டார்கள். 2017-இல் சீனா தீவனத்தில் கோலிஸ்டினைத் தடை செய்தது. அதன் பின் நடந்ததுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிக வலுவாகத் தெரியும் சான்று. மக்களின் குடலில் அந்த மரபணுவைச் சுமக்கும் ஈ-கோலை 2016-இல் 14.3 விழுக்காடாக இருந்தது, 2019-இல் 6.3 ஆகக் குறைந்தது. மூலத்தை அடைத்ததும் மனிதரிடம் குறைகிறது என்றால், மரபுத் தொடர் ஒப்பீடுகள் காணத் தவறிய பகிர்வு ஒன்று அங்கே இருந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இது முன்பு சொன்ன இங்கிலாந்து, நைரோபி முடிவுகளோடு மோதுவது போலத் தோன்றும். மோதவில்லை. அந்த ஆய்வுகள் அளந்தது அன்றாடப் போக்குவரத்தை. ஆபத்தான மரபணு விலங்குக் குடலிலிருந்து மனிதக் கிருமிக்குத் தாவ ஒருமுறை போதும். பிறகு மனிதரே மனிதருக்குப் பரப்பிக்கொள்வார்கள். சராசரியில் தெரியாத அந்தத் தாவல் எங்கே நடக்க வாய்ப்பு அதிகம்? மருந்து தினமும் விழும் இடத்தில். கோழிக் கொட்டகையும், விதியை மீறி மருந்து கொட்டும் இறால் குளமும் அத்தகைய இடங்கள். நாரைக் கூடு அப்படிப்பட்ட இடமில்லை.

இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினைத் தடை செய்தது. அதற்கு வழிவகுத்த குரல்களில் சென்னை மருத்துவர் அப்துல் கஃபூருடையது முக்கியமானது. 2012-இல் மருத்துவச் சங்கங்களைக் கூட்டி 'சென்னைப் பிரகடனம்' வெளிவரக் காரணமானவர் அவர். இறாலில் குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகியவற்றுக்குத் தடை அதற்கும் முன்பே உண்டு. ஆனால் இறால் தடையின் பின்னால் இருந்தது நம் வயிறு பற்றிய கவலையைவிட, ஐரோப்பியத் துறைமுகத்தில் கன்டெய்னர் திரும்பிவிடுமே என்ற பயம். ஏற்றுமதி இறாலுக்கு இருக்கும் சோதனை, ஈ.சி.ஆர். ஓரக் கடையில் தொங்கும் பிராய்லருக்கும் இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையா?

இனிப் பறவைக்கு வருகிறேன். வேடந்தாங்கல் இயற்கையே அமைத்துக் கொடுத்த ஒரு சோதனைக்களம். பறவைகள் ஐப்பசி வாக்கில் திரண்டு, கோடை தொடங்கியதும் கலைந்துவிடுகின்றன. பறவை வருமுன்னும், கூடுகள் நிறைந்திருக்கும் தை மாதத்திலும், போன பிறகும் ஏரி நீரையும் மதகு நீரையும் சோதித்தால் எச்சத்தின் பங்கு தெரிந்துவிடும் என்று தோன்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பறவையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவமழைதான் ஊர்ச் சாக்கடையையும் கழுவி ஏரிக்குள் கொண்டுவருகிறது. தையில் எதிர்ப்புக் கிருமி கூடியிருந்தால் அது நாரையாலா, வெள்ளத்தாலா என்று சொல்ல முடியாது. அதனால் அதே வட்டத்தில், அதே மழை பெறும், கூடு கட்டும் பறவை இல்லாத ஏரி ஒன்றையும் பக்கத்திலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி உயர்ந்தால் பறவையை விட்டுவிடலாம். வேடந்தாங்கலில் மட்டும் உயர்ந்தால், எச்சக் கிருமியின் மரபுத் தொடரை ஊர்க் கழிவின் கிருமியோடு ஒப்பிட்டு, பறவை எங்கே வாங்கியது என்று பின்னோக்கிப் போக வேண்டும். இப்படி இணை ஏரி வைக்காத எந்த ஆய்வு நாளை வந்தாலும் அதன் தலைப்பை நம்ப வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020-இல் இந்தச் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. பறவை எச்சத்தில் பயங்கரக் கிருமி என்ற ஒரு செய்தி, அப்படிச் சுருக்க நினைக்கும் எவருக்கும் எளிதான துருப்புச்சீட்டாகும். பறவைக் காய்ச்சல் என்றதும் ஒரே வாரத்தில் கோழிக்கடை வெறிச்சோடிப் போவதைப் பார்த்த நாடு இது.

என் தீர்ப்பு இது. பறவை, கால்நடை, மனிதர் என மூவரும் எதிர்ப்புக் கிருமிகளைப் பகிர்கிறார்கள் என்பது உண்மை. சமமாகப் பகிர்கிறார்கள் என்று தொனிக்கும்படி அதைச் சொல்வது தவறு, அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் பெரிய மூலங்கள் தப்பித்துக்கொள்ளும். இந்த மாவட்டத்தில் முதல் காசு மருத்துவமனைக் கழிவுநீருக்கும் செப்டிக் லாரிகளுக்கும் போக வேண்டும். அடுத்தது கோழித் தீவனத்துக்கும் மாட்டு மடிநோய்க்குக் கேட்டதும் கிடைக்கும் ஊசிக்கும். பறவைக்குச் செலவிடுவது மூன்றாவது. அதுவும் விரட்டவோ கூட்டைக் கலைக்கவோ அல்ல, அதன் எச்சத்தைப் படித்து நம் கழிவு எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. மீன் ஏலக்கூடத்தில் காகத்தையும் ஏரியில் நாரையையும் பார்த்து முகம் சுளிப்பவர்கள் முதலில் தங்கள் தெருவின் செப்டிக் டேங்க் எங்கே காலியாகிறது என்று லாரிக்காரரிடம் கேட்கட்டும். மாவட்ட நிர்வாகம் வரும் புரட்டாசியில், முதல் நாரை வந்து இறங்குவதற்கு முன், மதுராந்தகம் வட்டத்தின் இரண்டு ஏரிகளில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க ஆணையிடட்டும்.